பலகை நடுமுன் கைமாறும் வீடுகள்

2025 ஜூன் மாதம் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பதிவானது. தொடுத்தது காம்பஸ், அமெரிக்காவின் மிகப் பெரிய வீட்டுத் தரகு நிறுவனங்களில் ஒன்று. எதிர்த்தரப்பு ஜில்லோ, அந்நாட்டில் வீடு தேடுகிறவர்கள் மிக அதிகமாகத் திறந்து பார்க்கும் இணையதளம். ஜில்லோ அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு விதியை அறிவித்திருந்தது. ஒரு வீட்டை விற்பனைக்கென்று சிலருக்கு மட்டும் காட்டிவிட்டு, ஒரு வேலை நாளுக்குள் பொதுப் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருந்தால், பிறகு அந்த வீட்டுக்கு ஜில்லோவில் இடம் கிடையாது. இது தங்கள் தொழிலை நெரிக்கும் ஏகபோகச் செயல் என்பது காம்பஸின் வாதம். வீடு தேடும் எல்லோருக்கும் எல்லா வீடுகளும் தெரிய வேண்டும் என்பது ஜில்லோவின் பதில்.

இரண்டு பெரிய நிறுவனங்கள் லாபத்துக்காகப் போட்டுக்கொள்ளும் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. லாபம் இருக்கிறது, இரு பக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்ற செய்தி யாருக்கு முதலில் போகலாம், யாருக்குப் போகாமலே இருக்கலாம் என்பது அமெரிக்காவில் நூறு ஆண்டுகளாகத் தீராத பிரச்சினை. யார் எந்தத் தெருவில் குடியிருப்பது, யாருடைய பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது, யாருக்குச் சொத்து சேர்வது எல்லாமே அதைப் பொறுத்து அமைந்தவை.

அங்கே வீடு விற்கும் முறையை முதலில் பார்த்துவிடலாம். விற்பவர் ஒரு தரகரை அமர்த்துகிறார். தரகர் அந்த வீட்டை எம்.எல்.எஸ். எனப்படும் கூட்டுப் பட்டியலில் ஏற்றுகிறார். நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ ஐந்நூறு பட்டியல்கள் வட்டார வாரியாக இயங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஊர்த் தரகர்கள் ஓரிடத்தில் கூடி, 'என் கையில் இந்த வீடு இருக்கிறது, நீ ஆள் கொண்டுவந்தால் கமிஷனில் பங்கு' என்று பேசிக்கொண்ட பழக்கத்திலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. ஒன்றோடொன்று போட்டியிடும் தரகர்கள் சரக்கைப் பொதுவில் வைக்கிறார்கள். வாங்குகிறவர் எந்தத் தரகரிடம் போனாலும் ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் பார்க்கலாம். இணையம் வந்த பிறகு அந்தப் பட்டியலே ஜில்லோ போன்ற தளங்களுக்கும் போய்ச் சேர்கிறது. தரகரே இல்லாமல் நள்ளிரவில் கைபேசியில் பார்க்கிற நிலை வந்துவிட்டது.

பட்டியலில் ஏறிய வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விவரங்கள் நிற்கும். வீடு எத்தனை நாளாக விற்காமல் இருக்கிறது என்பது ஒன்று. கேட்ட விலை எப்போது, எவ்வளவு குறைக்கப்பட்டது என்பது மற்றொன்று. அறுபது நாள் தாண்டிய வீட்டைப் பார்த்ததும் 'இதில் ஏதோ கோளாறு' என்று வாங்குபவர் நினைக்கிறார். விலையைக் குறைத்துக் கேட்கிறார். விற்பவருக்கு இந்த இரண்டும் எதிரிகள். பட்டியலுக்கு வெளியே சில வாரம் வீட்டைக் காட்டிப் பார்த்தால் நாள் கணக்கு ஓடாது, விலைக் குறைப்பும் பதிவாகாது. காம்பஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் முக்கியமான காரணம் இதுதான். அந்நிறுவனத்தின் திட்டம் மூன்று கட்டமானது. முதலில் நிறுவனத்தின் தரகர்களுக்கும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் மட்டும் காட்டுவது. அடுத்து 'விரைவில் வருகிறது' என்ற அறிவிப்பு. கடைசியாகப் பொதுப் பட்டியல். முதல் கட்டத்திலேயே விலை படிந்துவிட்டால் அந்த வீடு விற்பனைக்கு வந்ததே ஊருக்குத் தெரியாது.

ரகசியம் வேண்டுகிறவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. விவாகரத்து நடந்துகொண்டிருக்கும் வீடு, படுக்கையில் நோயாளி இருக்கும் வீடு, முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழும் பெண்ணின் வீடு ஆகியவற்றின் உட்புறப் படங்களை உலகம் பார்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இவர்களுக்காகத்தான் விதிவிலக்குகள் உருவாயின. விலக்கு எப்போது வழக்கமாக மாறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதற்குத் தரகரின் கணக்கைப் பார்ப்போம். ஆறு லட்சம் டாலர் வீட்டில் இரு தரப்புக்கும் இரண்டரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், விற்பவரின் தரகு நிறுவனத்துக்குப் பதினைந்தாயிரம் டாலர், வாங்குபவரின் நிறுவனத்துக்குப் பதினைந்தாயிரம். வீட்டைத் தன் நிறுவனத்துக்குள்ளேயே விற்றுவிட்டால் முப்பதாயிரமும் அங்கேயே தங்கும். மாறாக, இன்னும் இரண்டு வாரம் காத்திருந்து, ஊரெல்லாம் விளம்பரம் செய்து, பத்தாயிரம் டாலர் கூடுதலாக விற்றுக்கொடுத்தால் கிடைக்கும் உபரிக் கமிஷன் இருநூற்றைம்பது டாலர். விற்பவருக்குப் பத்தாயிரம் பெரிய தொகை. தரகருக்கு அந்த இருநூற்றைம்பது, கூடுதலாக அலையும் வார இறுதிகளுக்கு ஈடாகாது.

இது வெறும் ஊகமில்லை. பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அடுத்தவர் வீட்டை விற்பதைவிடச் சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள்; 3.7 சதவீதம் கூடுதல் விலை பெறுகிறார்கள். தன் சொத்து என்றால் பொறுமை வருகிறது. பொறுமைக்கு விலை உண்டு என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தரகர்களின் தேசிய அமைப்பான அமெரிக்க ரியல்டர் சங்கத்தில் சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள். 'பாக்கெட் லிஸ்டிங்' எனப்படும் இந்த மறைவு விற்பனை பெருகியதால், சங்கம் 2019 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. பொதுமக்களுக்கு எந்த வகையில் விளம்பரம் செய்தாலும் ஒரு வேலை நாளுக்குள் வீட்டை எம்.எல்.எஸ்.ஸில் ஏற்ற வேண்டும். முற்றத்தில் பலகை, மின்னஞ்சல், சமூக ஊடகப் படம் எல்லாமே விளம்பரம்தான். 2020இல் அமலுக்கு வந்த இந்த விதியில் ஒரு கதவு திறந்திருந்தது: ஒரே தரகு நிறுவனத்துக்குள் மட்டும் பேசிக்கொள்வது விளம்பரம் ஆகாது. நான்கு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தை மனத்தில் வைத்தால் இது சிறிய கதவு. பல்லாயிரம் தரகர்களைக் கொண்ட நிறுவனத்துக்கு அதுவே ஒரு தனிச் சந்தை. 2025 செப்டம்பரில் காம்பஸ், கோல்ட்வெல் பேங்கர், செஞ்சுரி 21, சோதபீஸ் இன்டர்நேஷனல் ரியால்டி போன்ற பெயர்களை வைத்திருக்கும் எனிவேர் நிறுவனத்தை 160 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கப்போவதாக அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் உலகளவில் சுமார் 3,40,000 தரகர்கள். ஒரே நிறுவனத்தின் தரகர்கள் என்றால், எத்தனை ஆயிரம் பேருக்குள் சுற்றும் செய்தியையும் 'அலுவலகத்துக்குள் பேசியது' என்றே விதி கருதுகிறது.

2025 மார்ச்சில் சங்கம் பழைய விதியை வைத்துக்கொண்டே புதிதாக ஒரு வசதியைச் சேர்த்தது. விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், வீட்டைத் தரகர்கள் பார்க்கும் பட்டியலில் ஏற்றிவிட்டு, பொதுமக்கள் பார்க்கும் தளங்களுக்குச் சில காலம் அனுப்பாமல் நிறுத்தி வைக்கலாம். எத்தனை நாள் என்பதை வட்டாரப் பட்டியல்களே முடிவு செய்யலாம். இரு தரப்பையும் திருப்திப்படுத்த நினைத்த சமரசம் இது. இரு தரப்பும் திருப்தியடையவில்லை என்பதற்கு ஜூன் மாத வழக்கே சாட்சி.

மறைவாக விற்றால் விலை கூடுமா, குறையுமா? கையில் இருக்கும் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நடு அட்லான்டிக் மாநிலங்களில் இயங்கும் பிரைட் எம்.எல்.எஸ். வெளியிட்ட ஆய்வின்படி, பொதுப் பட்டியலில் ஏறிய வீடுகள் ஏறாதவற்றைவிடச் சுமார் 17 சதவீதம் கூடுதலாக விற்றன. ஜில்லோவின் ஆய்வு அவ்வளவு பெரிய இடைவெளியைக் காணவில்லை: 2023, 2024 ஆண்டுகளில் பட்டியலுக்கு வெளியே விற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தாயிரம் டாலர், அதாவது 1.5 சதவீதம், இழந்தார்கள் என்கிறது. காம்பஸோ முன்கூட்டியே தனியாகக் காட்டிய வீடுகள் 2.9 சதவீதம் கூடுதலாக விற்றன என்று தன் கணக்கைக் காட்டுகிறது. மூவரும் பந்தயத்தில் பணம் கட்டியவர்கள். பட்டியலே பிரைட்டின் தொழில்; தரகர்களுக்கு வாடிக்கையாளர் தொடர்புகளை விற்று ஜில்லோ வாழ்கிறது; காம்பஸின் நோக்கம் சொல்லத் தேவையில்லை. பட்டியலுக்கு வெளியே விற்கும் வீடுகளில் அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்ததும், கூரை ஒழுகும் வீட்டை வந்த விலைக்குத் தள்ளியதும் கலந்திருக்கும். அதனால் 17 என்ற எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். மறுபக்கம், காம்பஸின் திட்டத்தில் முன்காட்சி பெற்ற வீடுகளில் பலவும் பிறகு பொதுப் பட்டியலுக்கு வந்து விற்றவைதான். அவற்றின் விலையில் மறைவின் பங்கு எவ்வளவு, பொதுச் சந்தையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இந்த மூன்றில் ஜில்லோவின் சிறிய எண் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும் என்பது என் கணிப்பு. அதிகம் பேர் பார்த்தால் அதிக விலை கேட்பவர் ஒருவர் அதில் இருப்பதற்கு வாய்ப்பு கூடும். அதைத் தாண்டிய மந்திரம் எதுவும் இதில் இல்லை.

ஆனால் விலையை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. விற்பவர் தெரிந்தே ஐந்தாயிரம் டாலரை இழந்து ரகசியத்தை வாங்கிக்கொண்டால் அது அவர் உரிமை. அந்தப் பேரத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: செய்தி எட்டாதவர். அவரைப் பற்றிப் பேச வரலாற்றுக்குப் போக வேண்டும்.

1915இல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய், அவர் மனைவி காலா, அவர்களுடைய மூன்று மகன்கள் ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார்கள். வசதியான குடும்பம். பெர்க்லியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார்கள். பணம் கொடுத்தாயிற்று, பத்திரம் ஆயிற்று. சாமான்களோடு குடிபுக வந்த நாளில், அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போக முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று காலா பயந்தார். குடும்பம் அந்த வீட்டை விட்டே விலகிப் போனது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைஷ்ணோ தாஸின் குடியுரிமை பறிபோனது. 1928இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பெர்க்லியின் ஒரு தெரு இன்று காலா பகாயின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பூட்டுப் போடுவது முரட்டுத்தனமான வழி. அதைவிட ஓசையில்லாத வழி, வீடு விலைக்கு இருப்பதையே சொல்லாமல் விடுவது. 1924இல் ரியல்டர் சங்கம் தன் நெறிமுறை நூலிலேயே ஒரு விதி வைத்திருந்தது: எந்த இனத்தவரின் வரவு ஒரு பகுதியின் சொத்து மதிப்பைக் குறைக்குமோ அவர்களை அங்கே குடியேற்ற உறுப்பினர் காரணமாக இருக்கக் கூடாது. இனம் என்ற சொல் அந்த விதியிலிருந்து நீங்கியது 1950இல். 1954இல் கென்டக்கி மாநிலம் லூயிவில் அருகே ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பின மின்பணி ஒப்பந்தக்காரர், போரில் கடற்படையில் பணியாற்றியவர், புறநகரில் வீடு தேடினார். ஆளைப் பார்த்ததும் வீடு இல்லை என்ற பதிலே கிடைத்தது. கடைசியில் பிராடன் என்ற வெள்ளைத் தம்பதியர் தங்கள் பெயரில் வாங்கி அவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்களே ஆகியிருந்தன. வீட்டுக்கு வெடி வைத்தார்கள். சிறைக்குப் போனவர் வெடி வைத்தவரல்ல, வாங்கிக் கொடுத்த கார்ல் பிராடன். அவர்மீது அரசுத் துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. பொதுவில் வராத வீடு என்பதன் மறுபக்கமும் இதில் தெரிகிறது. ஒதுக்கப்பட்டவர்களும் மறைவாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டு வசதிச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு பிரிவு, விற்பனைக்கு இருக்கும் வீட்டை இனம் காரணமாக 'இல்லை' என்று சொல்வதையே சட்டவிரோதமாக்கியது. சட்டத்தை அன்று எதிர்த்த ரியல்டர் சங்கம் 2020இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு, 2019 நவம்பரில், நியூஸ்டே நாளிதழ் லாங் ஐலண்டில் மூன்றாண்டு நடத்திய விசாரணையின் முடிவை வெளியிட்டது. ஒரே வருமானம், ஒரே தேவை என்று சொல்லி வெள்ளையர் ஒருவரும் வேற்றினத்தவர் ஒருவரும் ஒரே தரகரிடம் தனித்தனியாகப் போனார்கள். மறைகேமரா ஓடியது. கறுப்பினத்தவர்கள் 49 சதவீதச் சோதனைகளிலும், ஹிஸ்பானியர்கள் 39 சதவீதத்திலும், ஆசியர்கள் 19 சதவீதத்திலும் வேறுபாடாக நடத்தப்பட்டதற்கான அறிகுறிகள் தென்பட்டன.

அந்தச் சோதனை எப்படிச் சாத்தியமாயிற்று? தரகர் இருவருக்கும் அனுப்பிய வீட்டு விவரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரைபடத்தில் புள்ளி குத்தி ஒப்பிட்டார்கள். எந்த வீடுகள் விலைக்கு இருந்தன என்பதற்குப் பொதுப் பட்டியல் ஆதாரமாக நின்றது. பட்டியலிலேயே இல்லாத வீட்டை ஒருவருக்குக் காட்டவில்லை என்று எதை வைத்து நிரூபிப்பது? மறுக்கப்பட்டவருக்கே தான் மறுக்கப்பட்டது தெரியாது. காம்பஸோ வேறு எந்த நிறுவனமோ இன வேறுபாடு காட்ட இந்த முறையைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஒரே நல்ல கருவி இந்த முறையில் செயலிழக்கிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

இனி வாங்குபவரின் நிலை. 2021இல் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் இன்று வீட்டை விட மறுக்கிறார்கள். விற்றால் அடுத்த வீட்டுக்கு இரு மடங்கு வட்டி கட்ட வேண்டும். 2023இல் நாடு முழுவதும் கைமாறிய பழைய வீடுகள் 40.9 லட்சம், 1995க்குப் பிறகு அதுவே குறைவு, அடுத்த ஆண்டு அதையும்விடக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்வைக்குத் திறந்து வைத்த வீட்டுக்கு நாற்பது குடும்பங்கள் வரிசையில் நின்றால், வரிசை உருவாகும் முன்பே போய்விட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அப்படி முந்திக்கொள்வதில் தவறில்லை. தவறான வழியும் சரியான வழியும் எங்கே பிரிகின்றன என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் சொத்துப் பதிவுகள் பெரும்பாலும் திறந்த ஆவணங்கள். கவுண்டி அலுவலகத்தின் பதிவைத் திறந்தால் உரிமையாளர் யார், எந்த ஆண்டு வாங்கினார், வரி எவ்வளவு, வரி ரசீது எந்த முகவரிக்குப் போகிறது என்று தெரியும். வீடு ஓரிடத்திலும் ரசீது வேறு மாநிலத்துக்கும் போனால் உரிமையாளர் அங்கே குடியில்லை என்று பொருள். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் விற்ற விலை மட்டும் வெளியே வராது. இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்கும் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகிறது. கடன் தவணை தவறிய வீட்டின் மீதான அறிவிப்பும் பதிவாகிறது. இவற்றைப் படித்து, விருப்பமான தெருவில் உள்ள உரிமையாளர்களுக்கு, 'விற்கும் எண்ணம் வந்தால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று கையால் கடிதம் எழுதிப் போடுகிறார்கள் பலர். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன். தகவல் எல்லோருக்கும் ஒரே மேசையில் கிடக்கிறது. தேடிப் படிக்கிறவர் எடுத்துக்கொள்கிறார்.

அதே மேசையில் வல்லூறுகளும் உட்கார்ந்திருக்கின்றன. வாரிசுச் சொத்து, தவணை தவறிய வீடு, தனியாக இருக்கும் முதியவர் என்று பட்டியல் எடுத்து, 'உடனே ரொக்கம்' என்று அஞ்சலட்டை மேல் அஞ்சலட்டையாக அனுப்பி, பாதி விலைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கி, அந்த ஒப்பந்தத்தை அடுத்தவருக்கு லாபத்தில் கைமாற்றும் தொழில் ஒன்று உண்டு. தன் வீட்டின் சந்தை விலை தெரியாதவரே இவர்களுக்கு இலக்கு. பிலடெல்பியா நகரம் 2020இல் இப்படிப்பட்டவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று சட்டம் போட்டது. விற்பவரின் மனத்தை இளக்க வாங்குபவர்கள் எழுதும் கடிதங்களுக்கு ஓரிகன் மாநிலம் 2021இல் தடை கொண்டுவந்தது. குடும்பப் படமும் பண்டிகைக் கதையும் இனத்தையும் மதத்தையும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது காரணம். பேச்சுரிமைக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் அடுத்த ஆண்டே அதை நிறுத்திவைத்தது. அந்தச் சட்டம் தோற்றிருக்கலாம், அது சுட்டிய ஆபத்து உண்மை.

நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த மறைவுச் சந்தை அந்நியமாகத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் எம்.எல்.எஸ். போன்ற பொதுப் பட்டியல் கிடையாது. நாலு பேரிடம் சொல்லிவைத்து, தெரிந்த புரோக்கர் மூலம் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். கோயில் நண்பர்கள், வாட்ஸ்அப் குழு, 'நம்ம ஏஜென்ட்' என்ற நம்பிக்கை அங்கேயும் தொடர்கிறது. அந்தக் குழுவில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. ஊரில் எந்த ஆட்கள் என்று விசாரித்த பிறகே வீடு காட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால், குழுவுக்கு வெளியே நிற்பவரின் நிலையையும் நாம் அறிவோம். நம்ம ஏஜென்ட்டே விற்பவருக்கும் ஏஜென்ட் என்றால், வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: இந்த வீடு வேறு யாருக்குக் காட்டப்பட்டது, இரு பக்கக் கமிஷனும் யாருக்குப் போகிறது? 2024 ஆகஸ்டிலிருந்து, பட்டியலில் உள்ள வீட்டைச் சுற்றிப் பார்க்கும் முன்பே வாங்குபவர் தன் தரகரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. கேள்வி கேட்க அதுவே தருணம்.

மறைவு விற்பனையை முற்றாகத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் 'அலுவலகத்துக்குள்' என்ற விலக்கு நிறுவனத்தின் அளவைப் பொறுத்துச் சுருங்க வேண்டும். சில நூறு தரகர்களுக்கு மேல் ஒரு வீட்டின் விவரம் போனால் அது விளம்பரம் என்றே கொள்ள வேண்டும். தனியாகக் காட்டி விற்ற ஒவ்வொரு வீட்டுக்கும், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குக் காட்டப்பட்டது என்ற பதிவேட்டை நிறுவனம் வைத்திருந்து, வீட்டு வசதிச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரி கேட்கும்போது கொடுக்க வேண்டும். பொதுச் சந்தையைக் கைவிடுவதாக விற்பவரிடம் கையெழுத்து வாங்கும் படிவம் 2025 விதியில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படிவத்தோடு இந்தப் பதிவேட்டையும் சேர்த்துவிட்டால், லாங் ஐலண்டில் செய்ததைப் போன்ற சோதனையை மறைவுச் சந்தையிலும் செய்ய முடியும்.